நடக்கும்போது வயிற்றை எக்கிப் பிடிக்க வேண்டுமா? கோர் தசைகள் நடையில் செய்யும் வேலை

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் தாமான் வீடு. வயது 44, தொழிற்சாலையில் உட்கார்ந்தே செய்யும் வேலை. காலையில் திடலைச் சுற்றி 40 நிமிடம் நடக்கிறீர்கள். 20 நிமிடம் தாண்டினால் கீழ்முதுகு இறுகிக்கொள்கிறது, கொஞ்சம் உட்கார்ந்தால் விட்டுப்போகிறது. ஜிம்மில் கேட்டதற்கு, "கோர் வீக்கா இருக்கு, வயித்தை எக்கிப் பிடிச்சு நடங்க, தினமும் 50 சிட்-அப் போடுங்க" என்றிருக்கிறார்கள். பால் மரம் சீவி ஓய்வுபெற்ற உங்கள் அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார், அதுவும் கோர் பலவீனமா என்பது இரண்டாவது கேள்வி.

கோர் தசைகளுக்கும் உங்கள் முதுகு இறுக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம், அதுவரை அவர்கள் சொன்னது சரி. வயிற்றை எக்குவதும் சிட்-அப்பும் அதற்கான வைத்தியம் இல்லை. அம்மாவின் சாய்வு பெரும்பாலும் வேறு இடத்துப் பிரச்சினை, அதைப் பின்னால் எழுதுகிறேன்.

கோர் என்றால் தொப்புளுக்கு மேலே தெரியும் 'சிக்ஸ் பேக்' தசை என்றே பலரும் நினைக்கிறார்கள். நடைக்கு அதன் பங்கு சொற்பம். வேலை செய்பவை உள்ளே இருக்கின்றன. மேலே மூடியாக, மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம், அடியில் இடுப்புத்தளத் தசைகள், வயிற்றைப் பட்டைபோல் சுற்றிவரும் குறுக்குத் தசை, பின்னால் முதுகெலும்புக் கணுக்களோடு ஒட்டிய சிறு தசைகள். மூடி இறுக்கமாக இருக்கும் மைலோ டின்னை ஓரளவு அழுத்தினாலும் நசுங்காது, மூடியைக் கழற்றிவிட்டால் லேசாக அழுத்தினாலே ஒடுங்கிவிடும். இந்த நான்கும் சேர்ந்து வயிற்றுக்குள் அழுத்தத்தைக் காப்பதும் அப்படித்தான். இவற்றுக்கு வெளியே விலாவின் இரு புறமும் சாய்வுத் தசைகள், முதுகின் நீளத் தசைகள், இடுப்பின் பக்கவாட்டிலும் புட்டத்திலும் உள்ள தசைகள். நடையைப் பற்றிப் பேசும்போது இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சாதாரண நடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் இருப்பது மிச்சமுள்ள ஒரு பங்குதான். தலை, கைகள், உடல் எல்லாம் சேர்த்து நம் எடையில் பாதிக்கும் மேல் அந்த ஒற்றைக் காலின் மேல், அதுவும் சரியாக நேர் மேலே இல்லாமல், சற்று உள்பக்கமாக நிற்கிறது. கோர் தசைகளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு அடியை எடுத்துக்கொள்வோம். குதிகால் தரையில் படும் நொடியில் கால் நின்றுவிடும், மேலுடம்பு வந்த வேகத்தில் முன்னால் விழப் பார்க்கும். புட்டத்தின் பெரிய தசையும் முதுகின் நீளத் தசைகளும் அப்போது இழுத்துப் பிடிக்கின்றன. அடுத்து எடை முழுக்க அந்தக் காலுக்கு மாறுகிறது. மறுபக்க இடுப்பு தொங்கிவிடாமல், ஊன்றிய காலின் பக்கவாட்டு இடுப்புத் தசை பிடிக்கிறது. ஏறக்குறைய 5 பாகை இறங்குவது இயல்பு, அதற்கு மேல் இறங்கினால் நடை தள்ளாடுவதுபோல் தெரியும். பிறகு அந்தக் கால் உடம்புக்குப் பின்னால் போகிறது. இடுப்பு மூட்டு 10 பாகையாவது பின்னுக்கு விரிய வேண்டும். அதே சமயம் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் சுமார் 4 பாகை திரும்ப, நெஞ்சுப் பகுதி கையோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் திரும்பும். இடது கால் முன்னே போனால் வலது கை முன்னே போவது இதனால்தான். விலாவின் சாய்வுத் தசைகள் இந்தத் திருகலை அளவோடு விட்டுக் கொடுத்து, மறுபடி இழுத்துக்கொள்கின்றன.

ஆக, நடையில் கோர் தசைகள் ஓயாமல் மாறி மாறிப் பிடித்து விடுகின்றன. தேவைப்படும் பலம் மிகக் குறைவு. சமதரையில் நடக்க அவற்றின் முழு பலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும். நேரம் தவறாமல் பிடிக்க வேண்டும், 40 நிமிடமும் களைக்காமல் பிடிக்க வேண்டும். சிட்-அப் இரண்டையும் கற்றுத்தருவதில்லை. படுத்து எழும்போது முதுகெலும்பு முன்னால் மடங்குகிறது, நடக்கும்போது அப்படி எங்கேயும் மடங்குவதில்லை. போதாததற்கு, ஏற்கெனவே உட்கார்ந்து உட்கார்ந்து குறுகிப்போன தொடை மடக்கும் தசைகள்தான் சிட்-அப்பில் பாதி வேலையைச் செய்கின்றன. உங்களுக்கு அவை நீள வேண்டும், இன்னும் இறுகக் கூடாது.

வயிற்றை எக்கிப் பிடிப்பதில் கெடுதல் அதிகம். எக்கினால் உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை. மூச்சு நெஞ்சின் மேல்பகுதிக்கும் கழுத்துக்கும் ஏறிவிடும், பத்து நிமிடத்தில் தோள் கனக்கும். அழுத்தம் கீழே இடுப்புத்தளத்துக்கும் போகும். பிள்ளை பெற்ற பெண்கள் சிலருக்கு வேகமாக நடக்கையில் சிறுநீர் கசிவது இப்படி எக்கினால் மோசமாகலாம். இன்னொன்று, உடம்பை விறைத்துவிட்டால் மேலே சொன்ன திருகல் நின்றுபோகிறது. நெஞ்சும் இடுப்பும் ஒரே கட்டையாகத் திரும்பும், கை வீச்சு குறையும், அடி குறுகும். முதுகுவலிக்காரர்கள் பலர் நடப்பது அப்படித்தான். வலி இல்லாதபோதே அந்த நடையை ஏன் பழக வேண்டும்?

உங்களுக்கு 20 நிமிடத்தில் இறுகுவதன் காரணத்தை இப்படி ஊகிக்கலாம். நாள் முழுக்க உட்கார்வதால் தொடையின் முன்பக்க மேல்தசைகள் குறுகியிருக்கும். கால் பின்னால் போக வேண்டிய அந்த 10 பாகையை இடுப்பு மூட்டு தராது. உடம்பு அதை வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்து, கீழ்முதுகு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நிமிடத்துக்கு 100 அடி நடந்தால் 20 நிமிடத்தில் 2,000 அடி. முதுகுத் தசைகள் இத்தனை முறை வளைத்துப் பிடித்தால் களைக்காமல் என்ன செய்யும்? தொப்பை இருந்தால் எடை இன்னும் முன்னால் போகும், அதைச் சமன் செய்ய மேலுடம்பைப் பின்னால் சாய்ப்போம், வளைவு கூடும். உட்கார்ந்ததும் அந்த வளைவு தளர்வதால்தான் வலி விட்டுப்போகிறது.

இது உண்மைதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கட்டிலின் ஓரத்தில் தொடையின் கீழ்ப்பகுதி பட மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கையாலும் நெஞ்சுக்கு இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். மற்றக் காலைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அந்தத் தொடை மெத்தை மட்டத்துக்கு வராமல் மேலேயே நின்றால் முன்தசை குறுகியிருக்கிறது. அடுத்து, கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். இரு இடுப்பெலும்பின் உச்சியிலும் விரல் வைத்துக்கொண்டால் மட்டம் தெரியும். தூக்கிய காலின் பக்கம் இறங்கினாலோ, மேலுடம்பு ஊன்றிய காலின் பக்கமாகச் சாய்ந்தாலோ, ஊன்றிய பக்கத்து இடுப்புத் தசைக்குப் பலமோ தாக்குப்பிடிப்போ போதவில்லை.

நடக்கும்போது செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. பத்து விஷயத்தை நினைத்துக்கொண்டு நடந்தால் நடையே கோணலாகிவிடும். விலாக்கூடு இடுப்புக்கு நேர் மேலே இருக்கிறதா என்று மட்டும் முதல் வாரம் பாருங்கள். கண்டுபிடிக்க எளிய வழி: நின்றபடி, ஊதுவதுபோல் வாயால் 5 விநாடி மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். கீழ் விலா எலும்புகள் தாமாக இறங்கும், அடிவயிறு லேசாக இறுகும். அந்த இறுக்கம் போதும். அதை வைத்துக்கொண்டே மூச்சை உள்ளே இழுங்கள், வயிறும் விலாவும் பக்கவாட்டில் விரியட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச முடியாத அளவுக்கு வயிறு விறைத்திருந்தால் அதிகம் பிடித்துவிட்டீர்கள்.

இரண்டாவது வாரத்தில் அடியின் நீளம். வேகமாக நடக்கும் ஆர்வத்தில் காலை எட்டி முன்னால் வீசி வைப்பவர்கள் நிறைய. குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் ஊன்றினால் அது பிரேக் பிடித்த மாதிரி, அதிர்ச்சி முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறும். அடியைச் சற்றுக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 100 அடி என்பது மிதமான வேகத்துக்கு நல்ல அளவு. 15 விநாடிக்கு 25 அடி என்று எண்ணிப் பார்த்தால் போதும், கைக்கடிகாரம் சொல்லும் எண்ணெல்லாம் வேண்டியதில்லை. வேகம் பின்காலிலிருந்து வரட்டும், கட்டைவிரலால் தரையைத் தள்ளுங்கள். இதற்கு சிலிப்பர் உதவாது. விரல்களால் சிலிப்பரைப் பிடித்துக்கொண்டே நடப்பதால் தள்ள முடியாது, இடுப்பும் விரியாது. பின்பக்கம் பிடிமானமுள்ள சப்பாத்து போடுங்கள்.

கையில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்தக் கை வீசாது, அந்தப் பக்கத் திருகல் குறையும். போனைப் பையில் போட்டுவிடுங்கள். பார்வை 10, 15 மீட்டர் முன்னால் இருக்கட்டும். விடியாத இருட்டில், உடைந்த நடைபாதையும் மூடி இல்லாத லோங்காங்கும் உள்ள இடத்தில் தரையைப் பார்க்காமல் நடக்கச் சொல்ல மாட்டேன். அங்கே கண்ணை மட்டும் தாழ்த்துங்கள், கழுத்தையும் நெஞ்சையும் கவிழ்க்க வேண்டாம். இல்லையென்றால் வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள்.

திடலைச் சுற்றுபவர்கள் கவனிக்காத ஒன்று, எல்லாரும் ஒரே திசையில் சுற்றுவது. சாலையின் ஓரம் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாக இருக்கும். எப்போதும் அதே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் தாழ்ந்தே இருக்கும், ஒரு பக்க இடுப்புத் தசைக்கு மட்டும் கூடுதல் வேலை. பாதி நேரம் எதிர்த் திசையில் சுற்றுங்கள். தோட்டத்து மண்சாலையில் நடப்பதென்றால், வண்டித் தடங்களுக்கு நடுவிலுள்ள மேட்டில் நடக்கலாம், லாரி வராத நேரமாகப் பார்த்து.

பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், 15 நிமிடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கித் தூக்கி, கைகளை மேலே நீட்டி, ஒரு கையையும் அதற்கு எதிர்ப்பக்கக் காலையும் மெதுவாகத் தரைநோக்கி இறக்குவது முதல் பயிற்சி. இறக்கும்போது மூச்சை விடுங்கள். கீழ்முதுகு தரையைவிட்டு எழும்பும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். பக்கத்துக்கு 6 முறை, அவசரம் வேண்டாம். அடுத்தது ஒருக்களித்துப் படுத்து, முழங்கையும் மடக்கிய முழங்காலும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி 10 விநாடி பிடிப்பது. பக்கத்துக்கு 4 முறை. ஒரு நிமிடம் பிடிக்கிறேன் என்று பந்தயம் கட்ட வேண்டாம், கோணலாகப் பிடித்த ஒரு நிமிடத்தைவிட நேராகப் பிடித்த நான்கு பத்து விநாடிகள் மேல்.

மூன்றாவதற்கு வாசற்படி போதும். படியின் ஓரத்தில் ஒரு காலில் நின்று, சுவரைத் தொட்டுக்கொண்டு, தொங்கும் காலை முழங்கால் மடக்காமல் 5 சென்டிமீட்டர் கீழே இறக்கி, இடுப்பால் மட்டும் மேலே தூக்குங்கள். ஊன்றிய காலின் முழங்காலும் மடங்கக் கூடாது. பக்கத்துக்கு 10 முறை செய்தால் ஊன்றிய பக்க இடுப்பின் வெளிப்புறம் எரியும். முதுகில் எரிந்தால் தப்பான இடத்திலிருந்து தூக்குகிறீர்கள்.

நான்காவதைத்தான் நடைக்கு மிக நெருக்கமான பயிற்சி என்பேன். கைப்பிடி உள்ள 5 கிலோ சமையல் எண்ணெய்ப் புட்டியை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு 20 மீட்டர் நடங்கள், கை மாற்றித் திரும்புங்கள். எடை உங்களை ஒரு பக்கம் இழுக்கும், எதிர்ப்பக்க விலாவும் இடுப்பும் நிமிர்த்திப் பிடிக்கும். சாயாமல் நடப்பதுதான் பயிற்சி. சாய்ந்தால் எடையைக் குறையுங்கள், 1.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டியே போதும். தொடை முன்தசைக்கு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, புட்டத்தை இறுக்கி, முதுகை வளைக்காமல் இடுப்பை முன்னால் நகர்த்தி 30 விநாடி, பக்கத்துக்கு இரண்டு முறை. இதைத் தினமும் செய்யலாம், வேலையிலிருந்து வந்ததும் செய்தால் இன்னும் நல்லது. ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். இடையில், 20 நிமிடத்தில் இறுகுகிறது என்றால் 15 நிமிடத்தில் நிறுத்தி, காலையும் மாலையுமாகப் பிரித்து நடங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டலாம்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையிலோ பத்துமலையிலோ பால்குடம் எடுக்கும் எண்ணமிருந்தால் இதே பயிற்சிதான் அடிப்படை. தலையில் குடம் இருக்கும்போது விலா இடுப்புக்கு முன்னால் துருத்தினால் எடை முழுக்கக் கீழ்முதுகில் இறங்கும். பத்துமலையின் 272 படியில் ஏறும்போது இடுப்பில் மடங்காமல், கணுக்காலிலிருந்து உடம்பு முழுதும் ஒன்றாக லேசாக முன்சாய வேண்டும். பாதத்தை முழுக்கப் படியில் வைத்துப் புட்டத்தால் தள்ளுங்கள்.

தோட்டத்தில் இன்னும் மருந்தடிக்கும் வேலை செய்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 16 லிட்டர் தோம்பு நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. தோள்வாரைத் தளர்த்தி இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் முதுகு வளைந்துதான் சுமக்கும். வாரை இழுத்து முதுகோடு ஒட்டி வையுங்கள், மேட்டு நிலத்தில் பாதி மட்டும் நிரப்புங்கள். நிரப்பப் போய்வரும் தடவை கூடும் என்பது உண்மைதான், முதுகு அதைவிட விலை கூடியது.

இனி அம்மா. பக்கவாட்டுச் சாய்வுக்கு வயிற்றுத் தசை பெரும்பாலும் காரணமில்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் எடை இடுப்பு மூட்டிலிருந்து உள்ளே தள்ளி இறங்குகிறது. பக்கவாட்டுத் தசையோ மூட்டுக்கு மிக அருகிலிருந்து இழுக்கிறது. நெம்புகோல் குட்டையானதால், உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு அது இழுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போகும். 60 கிலோ உள்ளவருக்கு 150 கிலோவுக்கு மேல், ஒவ்வோர் அடிக்கும். அந்தத் தசை பலவீனமானாலோ, மூட்டு தேய்ந்து வலித்தாலோ, உடம்பு தானே ஒரு வழி கண்டுபிடிக்கும். மேலுடம்பை அந்தக் காலின் பக்கமாகவே சாய்த்தால் எடை மூட்டுக்கு நேர் மேலே வந்துவிடும், தசைக்கு வேலை குறையும். ஆகவே, அம்மா எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்க இடுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "நிமிர்ந்து நடம்மா" என்று திட்டுவதில் பலனில்லை, சாய்வு அவருடைய வலியைக் குறைக்கிறது.

கைத்தடி பெரிதும் உதவும், சரியான கையில் பிடித்தால். பலரும் வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடித்து, வலிக்கும் கால் முன்னே போகும்போது தடியும் கூடவே போக வேண்டும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஈரமான டைல்ஸ் தரையில் வழுக்கும். மார்க்கெட்டுக்குப் போனால் பையை வலிக்கும் பக்கத்துக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் எதிர்ப்பக்கம் பிடித்த பை அந்தப் பலவீனமான தசையின் வேலையை இன்னும் கூட்டும். பை கனமாக இருந்தால் யாராவது தூக்கிக்கொள்வதே நல்லது. வாசற்படிப் பயிற்சி அவருக்கு இப்போது வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, மேலுள்ள காலை நேராக 20 சென்டிமீட்டர் தூக்கி இறக்குவதில் தொடங்கலாம், 8 முறை போதும். கால் முன்னால் நழுவாமல், குதிகால் சற்றுப் பின்தள்ளியே இருக்க வேண்டும்.

அதற்கு முன் கிளினிக் கெசிஹாத்தானில் ஒருமுறை காட்டுங்கள், இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே தேவையா என்று அவர்கள் சொல்வார்கள், பிசியோதெரபிக்கும் அங்கிருந்தே கடிதம் வாங்கலாம். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நம் மக்களிடம் நீரிழிவு அதிகம். பாதம் மரத்துப்போனால் தரை தெரியாது, அப்போது கால்களை அகட்டித் தட்டித் தட்டி நடப்பார்கள், எந்தக் கோர் பயிற்சியும் அதை மாற்றாது. நடந்தால் இரு காலும் கனத்து மரத்து, தள்ளுவண்டியில் குனிந்து சாய்ந்தால் சரியாகிறது என்றால் அது முதுகெலும்பில் நரம்புப் பாதை குறுகியதாக இருக்கலாம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றாலே விட்டுப்போனால் இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ கூட இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பாதம் தூக்க வராமல் இழுபட்டாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.